அட்டைப் பிரமிடு வளையாமல் நிற்க

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காகக் கீசாவின் பெரிய பிரமிடை அட்டையில் செய்தோம். அசலின் அடிப்பக்கம் சுமார் 230 மீட்டர், கட்டியபோது இருந்த உயரம் சுமார் 146.6 மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 23 செ.மீ., 14.7 செ.மீ. முக்கோணத்தின் நடு உயரம் 18.6 செ.மீ. இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். சமபக்க முக்கோணம் வைத்தால் கூர்மை கூடிவிடும். கடைகளில் விற்கும் மாதிரிகள் பலவும் அப்படித்தான், பார்க்கவே உறுத்தும்.

பசை பூசி மணல் தூவியதும் தொல்லை தொடங்கியது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறியதால் அட்டை அப்பளம் போல வளைந்தது. முகங்களைப் பிரித்து, உட்புறத்திலும் அதே பசையை ஒரு பூச்சுப் பூசி, தடித்த புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்தேன். வளைவு பெரும்பாலும் போய்விட்டது. மிச்சத்துக்கு உள்ளே ஒரு சட்டம்: 32.5 செ.மீ. அடி, 14.5 செ.மீ. உயரத்தில் இரண்டு முக்கோணங்கள். ஒன்றை மேலிருந்து பாதிவரையும் மற்றதைக் கீழிருந்து பாதிவரையும் கீறி, குறுக்காகக் கோத்து, மூலைவிட்டத்தில் நிறுத்தினேன். நான்கு விளிம்புகளும் அதன்மேல் கச்சிதமாக உட்கார்ந்தன.

மணலை டீ வடிகட்டியில் சலித்துத் தூவினால் கட்டி தட்டாது. அந்தக் காலத்தில் பிரமிடு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் போர்த்தி இருந்தது. அதை நினைவூட்ட அடிவரிசையில் மட்டும் வெள்ளைத்தாள் துண்டுகள் ஒட்டினோம்.