கானா-ராப் கச்சேரியில் எங்கே நிற்பது?

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கச்சேரி என்றால் வண்ணாரப்பேட்டையிலிருந்து நாங்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவோம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய குழு. நம்ம ஏரியா கானாவும் ராப்பும் ராக்கும் சேர்ந்தே வரும்.

ஸ்பீக்கரை ஒட்டி நிற்காதீர்கள். அங்கே பேஸ்தான் நெஞ்சில் இடிக்கும், வரி ஒன்றும் பிடிபடாது. சவுண்ட் மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். சவுண்ட்காரர் காதில் விழுவதுதான் உங்களுக்கும் விழும்: கானா மேளங்களான சட்டி தனியாக, கட்டமொழம் தனியாக, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக. இந்தப் பாட்டுகளுக்குச் சொல்தானே உயிர்!

அப்புறம், காதுக்குப் பஞ்சு போதாது. ஃபோம் இயர்பிளக்கை மெல்லிசாக உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். 100 டெசிபல் சத்தத்தைக் காது தாங்குவது 15 நிமிடம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு இயர்மஃப் மாட்டிவிடுங்கள்.