நிலைபேறான அபிவிருத்திப் பயிற்சி: எண் ஒட்டும் வேலையை விடுங்கள்

உத்தியோகத்தர்களுக்கு நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளைப் படிப்பிக்க வரும் புது வளவாளர்கள், முந்தியவர்கள் விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். ஒலிவாங்கி மக்கர் பண்ணுவது, சாப்பாடு பிந்துவது எல்லாம் சமாளிக்கக்கூடியவை. கீழே வரும் பிழைகள் அப்படியல்ல.

முடிந்த திட்டத்துக்கு எண் ஒட்டுவது

எரிச்சலில் முதலிடம் இதற்குத்தான். வருடாந்தத் திட்டத்தை விரித்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் 17 இலக்குகளில் ஒன்றின் எண்ணை எழுதச் சொல்வார்கள். அரை மணித்தியாலத்தில் அட்டவணை நிரம்பிவிடும், குழுப்படமும் எடுத்தாயிற்று. திட்டத்திலோ ஒரு வரிகூட மாறியிருக்காது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் '20 மலசலகூடங்கள் கட்டுதல் – இலக்கு 6' என்ற வரியை எடுங்கள். இலக்கு 6 என்பது தண்ணீரும் சுகாதார வசதியும். கீழே சுண்ணக்கல். குழியில் இறங்குவது வெடிப்புகள் வழியே கிணற்றுக்குப் போகும். மலசலகூட வசதியைச் சொல்லும் 6.2 என்ற உப இலக்குக்குச் சரி போட்டு, 6.1இல் உள்ள குடிநீரைக் கெடுத்ததாக முடியலாம். ஆகவே எண்ணை அழித்துவிட்டுக் கேட்க வையுங்கள்: குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி? பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்தார்களா? குழியின் அடி சீமெந்து போட்டு மூடியதா? நிரம்பினால் பிரதேச சபையின் கழிவகற்றும் பவுசர் அந்த ஒழுங்கைக்குள் போகுமா? கட்ட முன்னும் பின்னும் கிணற்றுநீரைப் பரிசோதிப்பது யார்? பதில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், திகதி, செலவு மூன்றையும் எழுதட்டும்.

ஆய்வுகூட அறிக்கையை வாசிக்கவும் பழக்குங்கள். குழிக் கசிவோடு கிணற்றில் சேரும் நைத்திரேற்றுக்குக் குடிநீரில் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில அறிக்கைகள் அதை நைதரசனாகக் கணக்கிட்டிருக்கும், 4.43ஆல் பெருக்க வேண்டும். அப்படி 15 என்று வந்தால் நைத்திரேற்று 66. அலகைப் பார்க்காதவர் '50க்குக் கீழேதானே' என்று கையெழுத்து வைத்துவிடுவார். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

17ஐயும் ஒரே நாளில்

வேண்டாம். 2017ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டத்தைத் திரையில் வாசித்துக் காட்டுவதும் வேண்டாம்.

மாவட்டச் சராசரி

யாழ் மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். சராசரியை வைத்து நெடுந்தீவுக்குத் தண்ணீர்த் திட்டம் போட முடியாது. வருபவர் தன் பிரிவின் தரவோடு வரட்டும்.

நவம்பர் செயலமர்வு

பாதீடு எழுதி முடிந்தபின் என்ன பயிற்சி? ஓகஸ்ட்டுக்குள் வையுங்கள். திட்டமிடல் உத்தியோகத்தருக்குப் பக்கத்தில் கணக்காளரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் இருத்துங்கள். நீர்ப் பரிசோதனைக்குக் காசு ஒதுக்கலாமா என்பதற்கு அந்த மேசையிலேயே பதில் வரும்.