இரண்டு ஊர், ஒரே கோப்பை: பழைய சாம்பியன் தகராறைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

போன தை மாதம் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கபடிப் போட்டி. இறுதி ஆட்டம் 24க்கு 24 என்று நிற்கும்போது கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை, வெளியூரிலிருந்து வந்த நடுவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். இருட்டில் டார்ச் அடித்து இரண்டு அணியும் தனித்தனியாகக் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் இரண்டு ஊர் முனையிலும் ‘சாம்பியன்’ என்று ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. என் அக்கா மகன் அதில் ஒரு அணியில் ரெய்டர். ‘நீங்களே சொல்லுங்க மாமா, யார் ஜெயிச்சது?’ என்று வந்து நின்றான்.

நான் தருமபுரி சுற்றுவட்டாரத்தில் பல வருஷமாகப் போட்டிகளில் ஸ்கோர் எழுதும் ஆள். இந்த மாதிரித் தகராறைப் பிரிக்கும் வழியை நான் பழகியது கபடியில் இல்லை, அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் 1881ஆம் வருஷ சீசனில். அவர்கள் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அந்த ஒரு வருஷத்துக்கு யேல், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளையும் தேசிய சாம்பியன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், நூற்று நாற்பது வருஷம் தாண்டியும் அது தீரவில்லை. நம் ஃப்ளெக்ஸ் சண்டை எவ்வளவோ தேவலாம்.

முதலில் ஒரு சின்ன உதாரணத்தில் கை பழகிக்கொள்ளுங்கள். 1869ஆம் வருஷ சீசன், மொத்தமே இரண்டு ஆட்டம். நவம்பர் 6ஆம் தேதி நியூ பிரன்ஸ்விக் ஊரில் ரட்கர்ஸ் என்ற கல்லூரி 6, பிரின்ஸ்டன் 4. ஒரு வாரம் கழித்து பிரின்ஸ்டனில் பிரின்ஸ்டன் 8, ரட்கர்ஸ் 0. மூன்றாவது ஆட்டம் பேசி வைத்திருந்தார்கள், நடக்கவில்லை. பக்கத்துக்கு 25 பேர். ஆளுக்கு ஒரு வெற்றி. இதைப் பார்த்தவுடன் எல்லாரும் செய்கிற காரியம் கோல்களைக் கூட்டிப் பார்ப்பது: 12க்கு 6, அப்போது பிரின்ஸ்டன்தானே பெரிய ஆள் என்று முடித்துவிடுவது. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். முதல் ஆட்டம் ரட்கர்ஸ் விதியில் நடந்தது, இரண்டாவது பிரின்ஸ்டன் விதியில். கரும்பையும் கேழ்வரகையும் ஒரே தராசில் போட்டு எது அதிகம் விளைந்தது என்று கேட்பதுபோல ஆகிவிடும்.

சரி, 1881க்கு வருவோம். ஒரு நோட்டு எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் ஒரு அணி, வலது பக்கம் இன்னொன்று. அந்த வருஷம் அவர்கள் ஆடிய எல்லா ஆட்டத்தையும் எழுதுங்கள், இறுதி ஆட்டத்தை மட்டும் இல்லை. யேல் 6 ஆட்டம், 5 வெற்றி, 1 சமன். பிரின்ஸ்டன் 9 ஆட்டம், 7 வெற்றி, 2 சமன். இரண்டு பேரும் ஒரு தடவைகூடத் தோற்கவில்லை. இங்கேயே பலர் ‘7 பெரிதா 5 பெரிதா’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை ஆட்டம் என்பதை விட யாரோடு ஆட்டம் என்பதுதான் விஷயம், ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அது அந்த வருஷத்து விதி. இன்றைய விதி அல்ல, அடுத்த வருஷத்து விதியும் அல்ல. இந்த இடத்தில் அவசரப்படாமல் உட்காருங்கள், பாதித் தகராறு இங்கேதான் பிறக்கிறது. 1881இல் இன்றைக்கு இருக்கிற மாதிரி புள்ளிக் கணக்கு கிடையாது, அது 1883இல்தான் வந்தது. பக்கத்துக்கு 11 பேர் என்பது வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முக்கியமாக, பந்து ஒரு அணியிடம் போய்விட்டால் அவர்களாகத் தவறவிடும் வரை வைத்துக்கொள்ளலாம், முன்னேறியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இது என்ன ஆயிற்று என்றால், நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாள், நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் யேலும் பிரின்ஸ்டனும் மோதின. முதல் பாதி முழுக்கப் பிரின்ஸ்டன் பந்தைப் பிடித்துக்கொண்டு முன்னேறப் பார்க்கவே இல்லை. இரண்டாவது பாதி முழுக்க யேல் அதையே திருப்பிச் செய்தது. 0க்கு 0. தோற்காமல் முடித்தாலே பட்டம் நமக்குத்தான் என்ற கணக்கு இரண்டு பக்கமும் இருந்தது. காசு கொடுத்து உள்ளே போனவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

கபடி பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2 புள்ளி முன்னிலை வந்ததும் ரெய்டர் போய், எதிரணிப் பக்கம் தாண்டியே ஆக வேண்டிய பால்க் லைன் என்ற கோட்டை மட்டும் தாண்டிவிட்டு, ‘கபடி கபடி’ என்று 30 விநாடியை ஓட்டிவிட்டுத் திரும்பி வருவானே, அதேதான். நமக்கு அதற்கு மருந்தாக வந்தது டூ ஆர் டை ரெய்டு: இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடு, இல்லையென்றால் வெளியே போ. அவர்களுக்கு வந்த மருந்தும் கிட்டத்தட்ட அதேதான். 1882இல், யேலில் ஆடிய வால்டர் கேம்ப் முன்கையெடுத்து, மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். அந்த 5 கஜத்தை அளக்க மைதானத்தில் கோடு கோடாகப் போட்டதில் அது இறைச்சி சுடுகிற கம்பித் தட்டு மாதிரித் தெரிந்ததால்தான் அந்த மைதானத்துக்கு ‘கிரிட்அயர்ன்’ என்று பெயர் வந்தது. இன்றைய அமெரிக்க ஃபுட்பாலின் முதுகெலும்பே ஒரு மொக்கை ஆட்டத்தின் மேல் வந்த எரிச்சலில் பிறந்ததுதான். ஆனால் கவனியுங்கள், 1882 விதியை வைத்து 1881ஐத் தீர்க்க முடியாது. ‘அவர்கள் பந்தைப் பதுக்கினார்கள், அது ஏமாற்று’ என்று எழுதினால் தப்பு. அன்றைக்கு அதற்கு அனுமதி இருந்தது.

அப்புறம் பொது எதிரி. இரண்டு பேரோடும் ஆடிய அணிகளை மட்டும் தனியாக எடுங்கள். மிச்சிகன் அந்த வருஷம் மேற்கிலிருந்து வந்து ஒரே வாரத்துக்குள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்று பேரிடமும் தோற்றுவிட்டுத் திரும்பியது, அதனால் அதில் பிடி எதுவும் கிடைக்காது. ஹார்வர்டில்தான் முடிச்சு இருக்கிறது. பிரின்ஸ்டன் ஹார்வர்டோடு 0க்கு 0 சமன். யேலும் ஹார்வர்டோடு 0க்கு 0தான், ஆனால் அது யேலுக்கு வெற்றி! எப்படி? ஆபத்து வரும்போது சொந்தக் கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் வைத்துத் தப்பிப்பதற்கு ‘சேஃப்டி’ என்று பெயர். யாருமே கோல் போடாத ஆட்டத்தில், எதிரணியை விட நான்கு சேஃப்டி குறைவாக வைத்த அணிக்கு வெற்றி என்று அன்றைக்கு ஒரு விதி. ஹார்வர்ட் நான்கு வைத்தது, யேல் ஒன்றும் வைக்கவில்லை. வெறும் ஸ்கோரை மட்டும் பார்த்து இதைச் சமன் என்று எழுதியிருந்தால் உங்கள் நோட்டே தப்பாகியிருக்கும். விதியை முதலில் படியுங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

அடுத்து, பட்டம் கொடுத்தது யார், எப்போது என்று கேளுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: அன்றைக்கு நாடு முழுக்கச் செல்லும்படி ஒரு சாம்பியனை அறிவிக்க எந்த அமைப்பும் கிடையாது. ஹார்வர்ட், பிரின்ஸ்டன், கொலம்பியா சேர்ந்து 1876இல் தொடங்கிய கல்லூரிச் சங்கம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போடுகிற, ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசையே 1936இல்தான் ஒழுங்காக ஆரம்பித்தது. ஆகவே 1881இன் ‘தேசிய சாம்பியன்’ எல்லாமே பிற்காலத்தில் உட்கார்ந்து போட்ட பட்டியல். பார்க் டேவிஸ் என்ற ஆய்வாளர் 1930களில் வெளியிட்ட பட்டியலில் அந்த வருஷத்துக்கு இரண்டு பேரையும் போட்டார். நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபவுண்டேஷன் யேலுக்குக் கொடுத்தது. கணக்குச் சூத்திரத்தில் ஓடும் பில்லிங்ஸ்லி பட்டியல் பிரின்ஸ்டனுக்குக் கொடுத்தது.

பட்டியல் போட்டவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். டேவிஸ் பிரின்ஸ்டனில் படித்து அந்த அணியிலேயே ஆடியவர். அதற்காக அவர் சொன்னதெல்லாம் பொய் என்று இல்லை, பாவம், யேலுக்கும் சேர்த்துத்தானே கொடுத்திருக்கிறார். ஆனாலும் குறிப்பில் இருக்க வேண்டும். என் நோட்டில் ‘எழுதியவர்: ரெய்டரின் தாய்மாமன்’ என்று நானே முதல் வரியில் எழுதிக்கொண்டேன்.

தீர்ப்பை எழுதும்போது ஒரே வரியில் எழுதாதீர்கள். இந்த விதிப்படி, இந்த ஆட்டங்களை வைத்து, இன்னார் என்று எழுதினால் நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் வந்து எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியும். 1881க்கு என் தீர்ப்பு: நேருக்கு நேர் சமன், ஹார்வர்ட் ஆட்டத்தால் யேல் ஒரு நூல் முன்னே. பட்டத்தைப் பகிர்ந்து கொடுத்தவர்களோடும் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

அக்கா மகன் விஷயத்துக்கும் இதே நோட்டைத்தான் போட்டேன். லீக் ஆட்டங்களில் பொது எதிரியாக இருந்தது ஒரே ஒரு பாலக்கோட்டு அணி, இரண்டு பேரும் அதை வென்றிருந்தார்கள். அச்சடித்த நோட்டீஸைத் தேடி எடுத்தேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, நுழைவுக் கட்டணம், நன்கொடையாளர் பெயர் இருபது முப்பது, கடைசியில் வழக்கம்போல ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. சமன் ஆனால் என்ன என்று ஒரு வார்த்தை இல்லை, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நடுவரோ பஸ்ஸில். ‘இணை சாம்பியன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையன் பொங்கல் சீர் கொடுக்கப் போனபோதுகூட முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் வருகிற வருஷம் போட்டி நடத்துகிறவர்கள் நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது, நன்கொடையாளர் பட்டியலுக்கு மேலே, கண்ணில் படுகிற மாதிரி இதைச் சேர்த்துவிடுங்கள்: ‘ஆட்டம் சமன் ஆனால் அணிக்கு 5 ரெய்டு. அதிலும் சமன் என்றால் டாஸ் வென்ற அணிக்குக் கடைசி ரெய்டு. மழை, மின்தடையால் ஆட்டம் நின்றால் மறுநாள் காலை 7 மணிக்கு அதே ஸ்கோரிலிருந்து தொடரும்.’ டீசல் வாங்கி வைப்பது உங்கள் பாடு.