சாத்திய கதவுக்குப் பின்னால்: அமெரிக்க வீட்டு மருத்துவச் சேவையில் மோசடியைத் தடுக்கத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் முறை

மருத்துவமனையில் ஒருவருக்கு ஊசி போட்டால் அதற்குச் சாட்சியாகப் பக்கத்துப் படுக்கைக்காரர் இருக்கிறார், அடுத்த ஷிப்டுக்கு வரும் செவிலியர் இருக்கிறார், மருந்துக் கிடங்கின் கணக்கும் இருக்கிறது. வீட்டில் அப்படியில்லை. கதவைச் சாத்திய பிறகு உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளியும் பராமரிப்பாளரும் மட்டுமே. நோயாளிக்கு மறதிநோய் இருந்தால் சாட்சி ஒருவராகக் குறைந்துவிடுகிறார். நடக்காத வருகைக்குப் பில் போடுவது, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு நான்கு மணி நேரம் என எழுதுவது, தாராளமாக நடமாடுபவரை, சேவைக்குத் தகுதியுள்ளவராக்குவதற்காக, வீட்டோடு முடங்கியவராகக் காட்டுவது ஆகிய மூன்றும் அமெரிக்காவில் இத்துறையின் பழைய நோய்கள். அங்கே சிறிய வீட்டு மருத்துவச் சேவை நிறுவனத்தை நடத்துபவர்களையும், அத்தகைய நிறுவனங்களின் பில்லிங், ஆவணச் சரிபார்ப்பு வேலைகளைச் சென்னையில் அமர்ந்து பார்ப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் சட்டம் கேட்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 டிசம்பரில் கையெழுத்தான கியூர்ஸ் சட்டம், குறைந்த வருமானத்தினருக்காக மாநிலங்கள் நடத்தும் மெடிக்எய்ட் திட்டம் பணம் தரும் வீட்டு வருகைகளுக்கு மின்னணு வருகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. குளிப்பாட்டுதல், உடுத்திவிடுதல், உணவூட்டுதல் போன்ற உடலுதவிச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1, செவிலியர் பணி உள்ளிட்ட வீட்டு மருத்துவச் சேவைகளுக்கு 2023 ஜனவரி 1 எனக் கெடு வைக்கப்பட்டது. பல மாநிலங்கள் ஓராண்டு கூடுதல் அவகாசம் பெற்றன. ஒவ்வொரு வருகைக்கும் ஆறு விவரங்கள் பதிவாக வேண்டும்: என்ன சேவை, யாருக்கு, எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் செய்தார், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. முதன்மையாக முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடான மெடிக்கேருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதால், மெடிக்கேர் நோயாளிகளை மட்டும் பார்க்கும் நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுண்டு. ஆனால் தணிக்கையாளர் வந்து நிற்கும்போது அந்த ஆறு விவரங்களைவிட நல்ல சான்று வேறு எதுவும் கையில் இருக்காது. எல்லா வருகைகளுக்கும் ஒரே முறையைப் பின்பற்றுவதுதான் என் பரிந்துரை.

மென்பொருள் வாங்குவதற்கு முன் உங்கள் மாநிலத்தின் விதியைப் படியுங்கள். சில மாநிலங்கள் தாங்கள் தரும் மென்பொருளையே பயன்படுத்தச் சொல்கின்றன. வேறு சில, நீங்களே தேர்ந்தெடுத்த மென்பொருளிலிருந்து மாநிலத்தின் பொதுத் தொகுப்புக்குத் தரவை அனுப்பினால் போதும் என்கின்றன. விற்பனையாளரின் வாய்ச்சொல்லை நம்பி ஒப்பந்தம் போட்டுவிட்டு, மாநிலத் தொகுப்பு அந்தத் தரவை ஏற்கவில்லை என்பது கிளெய்ம்கள் (பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பங்கள்) திரும்பி வரும்போது தெரிந்தால், அந்த மாதச் சம்பளத்துக்கே திண்டாட வேண்டியிருக்கும்.

வருகையைப் பதிவு செய்ய மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: பராமரிப்பாளரின் கைபேசியில் ஜி.பி.எஸ். செயலி, நோயாளி வீட்டுத் தொலைபேசியிலிருந்து கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தல், வீட்டிலேயே பொருத்தி வைக்கப்படும் சிறு கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல். செயலிதான் வசதியானது; என்றாலும் கைபேசிச் சிக்னல் எட்டாத கிராமப்புற வீட்டுக்கு மற்ற இரண்டில் ஒன்றை ஏற்பாடு செய்யாவிட்டால், அந்த வீட்டுக்குப் போகும் நேர்மையான பணியாளரின் பெயர்தான் உங்கள் சந்தேகப் பட்டியலில் முதலில் வரும். நோயாளி வீட்டைச் சுற்றி எத்தனை அடி தூரம்வரை ஏற்பது என்னும் எல்லையையும் ஆராய்ந்தே வைக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஜி.பி.எஸ். புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவுவது சாதாரணம். எல்லையை மிகவும் விரித்துவிட்டாலோ, தெருமுனைக் காப்பிக் கடையில் உட்கார்ந்தபடியே வருகையைப் பதிந்துவிடலாம். பணியாளரை நாள் முழுவதும் பின்தொடரும்படி சட்டம் கேட்கவில்லை என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே இடம் பதிவாகிறது என்பது தெரிந்தால், செயலியை அணைத்து வைப்பதற்கான பாதிக் காரணம் போய்விடும்.

இனி, என் பார்வையில் மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எந்த மென்பொருளிலும் கைத்திருத்தம் என்று ஒரு வழி இருந்தே தீரும். பராமரிப்பாளர் வெளியேறும்போது பதிய மறப்பார், கைபேசியில் சார்ஜ் தீரும், நோயாளியை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அலுவலகத்தில் உள்ளவர் ஒரு காரணக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து நேரத்தைச் சரிசெய்வார். முன்வாசலுக்கு இத்தனை பூட்டுப் போட்ட பிறகு மோசடி நுழைவது இந்தக் கொல்லைப்புறக் கதவு வழியாகத்தான். ஆகவே திருத்தியவர் யார், எப்போது திருத்தினார், முன்பு இருந்த நேரம் என்ன, மாற்றிய நேரம் என்ன, காரணம் என்ன என்னும் அனைத்தையும் அழிக்க முடியாதபடி சேமிக்கும் மென்பொருளை மட்டுமே வாங்குங்கள். மாதந்தோறும் திருத்தங்களைப் பணியாளர்வாரியாகவும் நோயாளிவாரியாகவும் மட்டுமல்லாமல், திருத்தம் செய்யும் அலுவலர்வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். இந்தக் கடைசிப் பிரிவைப் பலர் பார்ப்பதேயில்லை. நேர்மையான மறதி நேரத்தைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். எல்லாத் திருத்தங்களும் நேரத்தைக் கூட்டுவதாகவே இருந்தால் அது மறதியாக இருக்க வாய்ப்பில்லை. அனுமதிக்கப்பட்ட அளவு நான்கு மணி நேரம் என்றால், உண்மையான வருகைகள் மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம், நான்கு மணி ஏழு நிமிடம் என்று முன்பின்னாக இருக்கும். எல்லா நாளும் துல்லியமாக நான்கு மணி நேரம் என்று நிற்கும் பதிவேட்டை எடுத்துத் தனியே வையுங்கள். பில் அனுப்பும் நாளுக்கு முந்தைய மாலையில் குவியும் திருத்தங்களும் அப்படித்தான். திருத்தம் செய்பவரும் பில்லை விடுவிப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. ஐந்து பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகத்தில் இது சிரமந்தான். அப்படியானால் உரிமையாளரே வாரம் ஒருமுறை திருத்தப் பட்டியலில் கையெழுத்திடட்டும்.

அடுத்து, தனித்தனியாக இருக்கும் பதிவுகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்க வேண்டும். பணி அட்டவணை, வருகைப் பதிவு, சிகிச்சைக் குறிப்பு, சம்பளப் பட்டியல், கிளெய்ம் ஆகிய ஐந்தும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாத கிளெய்மை மென்பொருள் தானாகவே நிறுத்தி வைக்கும்படி அமையுங்கள். ஒரே பணியாளர் ஒரே நேரத்தில் இரு வீடுகளில் இருக்கிறாரா, ஒரு வீட்டில் முடித்த ஐந்து நிமிடத்தில் முப்பது மைல் தொலைவிலுள்ள அடுத்த வீட்டில் தொடங்குகிறாரா, நோயாளி மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்த நாளில் வீட்டு வருகை பதிவாகியிருக்கிறதா, இறந்த தேதிக்குப் பிறகும் பில் போயிருக்கிறதா என்னும் கேள்விகளைக் கணினி சில நொடிகளில் கேட்டுவிடும். குறிப்புகளைச் சென்ற முறையின் குறிப்போடு ஒப்பிடும் வசதியும் பயனுள்ளது. மூன்று வாரமாகப் புண்ணின் நீளமும் அகலமும் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை என்றால், அளவு எடுக்கப்படவில்லை, நகல் எடுக்கப்பட்டது என்றே பொருள். எல்லாப் பெட்டிகளிலும் இயல்பு என்று முன்கூட்டியே நிரப்பித் தரும் மென்பொருள் வசதியை அணைத்து வையுங்கள். அது நேர்மையானவரையும் சோம்பலின் வழியே பொய் எழுத வைக்கும்.

மெடிக்கேரில் நாள்கணக்கே பெரும்பாடு. மருத்துவர் அல்லது அதற்குத் தகுதியுள்ளவர் நோயாளியை நேரில் சந்தித்தது, சேவை தொடங்குவதற்கு முந்தைய 90 நாளுக்குள்ளோ பிந்தைய 30 நாளுக்குள்ளோ இருக்க வேண்டும். நோயாளியைச் சேர்த்ததை மெடிக்கேருக்குத் தெரிவிக்கும் சேர்க்கை அறிவிப்பு, சேவை தொடங்கிய ஐந்து நாளுக்குள் போக வேண்டும். ஓயாசிஸ் என்னும் நோயாளி நிலை மதிப்பீட்டையும் ஐந்து நாளுக்குள் முடிக்க வேண்டும். சேவை இன்னும் தேவை என்னும் மருத்துவரின் மறுசான்று 60 நாளுக்கு ஒருமுறை வேண்டும். இவற்றை மனிதர் நினைவில் வைக்க வேண்டியதில்லை, மென்பொருளின் நினைவூட்டல்கள் போதும். ஆனால் கெடு தவறியபின் தேதியைப் பின்னோக்கிப் போட்டுச் சமாளிக்கும் ஆசை எழும்; ஆவணம் உருவான உண்மையான நேரத்தைக் கணினியே முத்திரையிட்டு வைத்திருந்தால் அந்த ஆசைக்கு இடமில்லை. சேர்க்கை அறிவிப்பு தாமதமானால் சேவை தொடங்கிய நாள் முதல் அறிவிப்பு போகும்வரையிலான நாள்களுக்குரிய பங்கு மட்டுமே கழியும். பொய்த் தேதி போட்டால் போவது நிறுவனமே.

பணியாளர்களைப் பொறுத்தவரை, அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோர் பட்டியலை மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மாதந்தோறும் புதுப்பிக்கிறது. வேலைக்குச் சேர்க்கும் நாளில் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடாமல், எல்லாப் பெயர்களையும் மாதந்தோறும் அந்தப் பட்டியலோடும் மாநிலத்தின் தனிப் பட்டியலோடும் ஒப்பிடும் வேலையைத் தானியங்கியாக அமைத்து, பார்த்ததற்கான சான்றையும் சேமியுங்கள்.

உங்கள் தரவை அரசும் பார்க்கிறது என்பதை மறக்க வேண்டாம். 2011 ஜூன் முதல் மெடிக்கேர் தன் கிளெய்ம்களை முன்கணிப்பு மென்பொருளால் அலசி வருகிறது. டல்லஸ் பகுதி மருத்துவர் ஒருவர் மீது 2012இல் தொடரப்பட்ட வழக்கு இதற்கு நல்ல பாடம். 2010இல் நோயாளிகளுக்கு வீட்டுச் சேவை தேவை என்று சான்றளித்த மருத்துவர்களில் 99 சதவீதத்தினர் 104 பேருக்கோ அதற்குக் குறைவாகவோ சான்றளித்திருக்க, அவர் பெயரில் 5,000 பேருக்கு மேல் இருந்தனர். சுமார் 37.5 கோடி டாலர் பில்கள் தொடர்பான அவ்வழக்கில் அவர் 2016இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 35 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவரது சான்றுகளைப் பெற்றுப் பில் போட்ட நிறுவனங்கள் ஐந்நூறுக்கும் மேல். அவற்றில் ஏதேனும் ஒன்று, எங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சான்றளிப்பவர் ஒரே மருத்துவர் என்று ஒரு எளிய அட்டவணை போட்டிருந்தால் கேள்வி அங்கேயே எழுந்திருக்கும். அந்த அட்டவணையை இன்றே போட்டுப் பாருங்கள். மெடிக்கேர் பணம் கணக்கிடும் 30 நாள் காலத்துக்குள் வருகைகள் குறிப்பிட்ட வரம்பை எட்டினால்தான் முழுத் தொகை கிடைக்கும் என்பதால், வரம்பைத் தொட்டதும் வருகைகள் நின்றுபோகும் நோயாளிகள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். மெடிக்கேரின் தணிக்கையாளர்களும் இதைத்தான் தேடுவார்கள்.

இத்தனை தரவையும் திரட்டிய பிறகு அதைக் காக்கும் பொறுப்பும் சேர்கிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். மேசையில் ஒட்டப்பட்ட பொதுக் கடவுச்சொல் ஒன்று இருந்தாலே, யார் திருத்தினார் என்னும் பதிவு பொருளற்றதாகிவிடும். சென்னையில் உள்ள குழுவுக்கு வேலையைத் தருவதானால் நோயாளித் தகவலின் இரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டம் கேட்கும் ஒப்பந்தம் முதலில் கையெழுத்தாக வேண்டும்; சில மாநிலங்கள் மெடிக்எய்ட் தரவு நாட்டைவிட்டு வெளியே போவதையே அனுமதிப்பதில்லை என்பதால், மெடிக்கேர் கோப்புகளையும் மெடிக்எய்ட் கோப்புகளையும் பார்க்கும் உரிமையைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

முரண் ஒன்று கண்ணில் பட்டால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். கணினி காட்டுவது முரணை மட்டுமே, அதன் காரணத்தை அல்ல. முதலில் தொடர்புடைய பதிவுகளை யாரும் தொட முடியாதபடி நகலெடுத்துப் பூட்டுங்கள், பிறகு பணியாளரையும் நோயாளியின் குடும்பத்தாரையும் தனித்தனியே விசாரியுங்கள். பணம் கூடுதலாக வந்திருப்பது உறுதியானால் 60 நாளுக்குள் தெரிவித்துத் திருப்பித் தர வேண்டும். தொடர்புடைய மற்றத் தொகைகளை நல்லெண்ணத்தோடு உரிய காலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தால், 2025 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மெடிக்கேர் விதி அந்தக் கெடுவை 180 நாள்வரை நிறுத்தி வைக்க அனுமதிக்கிறது. ஆறு ஆண்டுகள்வரை பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த ஆறு ஆண்டுப் பதிவுகளையும் பழைய மென்பொருளிலிருந்து முழுமையாக எடுத்துக்கொள்ளும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதை, புதிய மென்பொருளுக்கு மாறும் முன் பார்த்துவிடுங்கள்.