அச்சகத்துக்கு ஒரு பேக்கப் சேர்வர்: பேக்ரெஸ்ட் நிறுவும் முறை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கலியாணக் கார்ட், சாமத்திய வீட்டு அழைப்பிதழ், கடைகளுக்கான பில் புத்தகம் எல்லாம் அடிக்கிறோம். ஆனால் பழைய கோப்பைக் கேட்டு ஆள் வருவது பெரும்பாலும் கல்வெட்டுக்குத்தான், அதாவது இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு புத்தகத்துக்கு. 31ஆம் நாளுக்கு அடித்த அதே படமும் அதே வம்சாவளியும் ஆண்டுத் திவசத்துக்கு மறுபடி வேண்டும் என்பார்கள். மூலப்படம் அவர்களிடமே இருக்காது.

அதனால் பேக்கப் மென்பொருள் தேடியபோது எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. நான் இல்லாத நேரத்தில், டைப்செட்டிங் செய்யும் அக்கா அவரே பழைய கோப்பை எடுக்க முடியுமா? கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டிய எதுவும் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகும். ரெஸ்டிக் என்ற கருவி எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி) வைக்கும், ஒரே தரவை இரண்டு தடவை சேமிக்காது. ஆனால் அது கட்டளைக் கருவி. அதற்கு பிரவுசரில் திறக்கும் ஒரு முகத்தைக் கொடுப்பதுதான் பேக்ரெஸ்ட். இரண்டுமே இலவசம், திறந்த மூலம்.

பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி ரெம் உள்ள பழைய ஒஃபிஸ் கணினி, அதில் டெபியன் லினக்ஸ், வேலைக் கோப்புகளுக்கு ஒரு டிஸ்க், பேக்கப்புக்கு வேறொரு டிஸ்க். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். யுபிஎஸ்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. எங்களிடம் எல்லோரும் சாம்பா (லினக்ஸ் ஃபோல்டரை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக சேர்வரில் உள்ள பொதுப் ஃபோல்டரில்தான் சேமிக்கிறார்கள். ஆகவே சேர்வரை மட்டும் பேக்கப் எடுத்தால் போதும்.

பேக்ரெஸ்ட்டை டொக்கர் கொம்போஸ் (மென்பொருளைக் கொன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) மூலம் நிறுவுங்கள். மாதிரிக் கோப்பு அவர்களின் கிட்ஹப் பக்கத்தில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து மூன்று இடங்களை மாற்ற வேண்டும்.

முதலாவது, ஃபோல்டர்கள். மென்பொருளின் சொந்தத் தரவு, அமைப்பு, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) ஆகியவற்றோடு நீங்கள் இன்னும் மூன்றைச் சேர்க்கிறீர்கள்: வேலைக் கோப்புகள், பேக்கப் டிஸ்க், ‘மீட்டது’ என்று ஒரு வெற்று ஃபோல்டர். வேலைக் கோப்புகளை வாசிக்க மட்டும் அனுமதியுங்கள், எழுத விடாதீர்கள். மீட்கும் அவசரத்தில் இன்றைய கோப்பின் மேல் போன மாதக் கோப்பு விழுந்துவிட்டால் அதைவிடப் பெரிய தலையிடி கிடையாது. ‘மீட்டது’ ஃபோல்டரை சாம்பாவில் பகிர்ந்து விடுங்கள். அக்கா மீட்கிற எதுவும் அங்கேதான் வந்து விழ வேண்டும்.

இரண்டாவது, நேர வலயம். ஆசியா, கொழும்பு என்று கட்டாயம் போடுங்கள். விட்டுவிட்டால் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடி, மாலை 6.30க்கு வைத்த பேக்கப் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். இரவில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போகும் எங்களைப் போன்ற இடங்களில் அது ஓடவே ஓடாது.

மூன்றாவது, போர்ட், அதாவது பிரவுசர் வந்து சேரும் இலக்க வாசல். பேக்ரெஸ்ட் 9898 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அதை அலுவலக வலையமைப்பின் முகவரியோடு மட்டும் கட்டுங்கள். யுஎஃப்டபிள்யூ (லினக்ஸின் ஃபயர்வோல்) தடுத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம், டொக்கர் திறக்கும் போர்ட் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வீட்டிலிருந்து பார்க்க நான் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் (இணையத்தின் மேல் ஓடும் தனி வலையமைப்பு) வைத்திருக்கிறேன். ரவுட்டரில் போர்ட் திறந்து வைப்பது வேண்டாத வேலை.

கொன்டெய்னர் எழும்பியதும் பிரவுசரில் திறந்தால் இந்த நிறுவலுக்கு ஒரு பெயரும், உள்நுழையப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். அடுத்தது களஞ்சியம், அதாவது பேக்கப்புகள் போய்ச் சேரும் இடம், சேர்ப்பது. இங்கே கேட்கப்படும் கடவுச்சொல் வேறு, அதன் கனமும் வேறு. உள்நுழையும் கடவுச்சொல் மறந்தால் மாற்றிக்கொள்ளலாம். களஞ்சியத்தின் கடவுச்சொல் போனால் உள்ளே இருக்கும் அத்தனையும் போயிற்று, ரெஸ்டிக்கைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது. ஆகவே நீளமாக ஒன்றை உருவாக்கிக் காகிதத்தில் அச்சடியுங்கள் (அச்சகத்தில் இதற்கா பஞ்சம்!). எங்கள் முதலாளியின் வீட்டு அலுமாரியில், காணி உறுதிகளோடு அது இருக்கிறது. அதே பக்கத்தில் தானாகப் பூட்டைத் திறக்கும் தெரிவையும் போட்டுவிடுங்கள். பேக்கப் நடுவில் கரண்ட் போனால் ரெஸ்டிக் வைத்த பூட்டு மிஞ்சிவிடும், அடுத்த வேலை அதில் மாட்டிக்கொள்ளும். ஏற்கெனவே முடிந்த பேக்கப்புகளுக்கு அதனால் சேதமில்லை.

இனித் திட்டம். எந்தப் ஃபோல்டர், எத்தனை மணிக்கு, எவ்வளவு காலம் வைத்திருப்பது. வேலைக் ஃபோல்டரோடு எழுத்துரு ஃபோல்டரையும் சேருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி என்ற, யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. கோப்பு பத்திரமாக வந்து, எழுத்துரு வராவிட்டால் இறந்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும். நாங்கள் வடிவமைக்கும் மென்பொருளான கோரல் தானே உருவாக்கும் ‘பேக்கப் ஆஃப்’ என்று தொடங்கும் கோப்புகளை விலக்குப் பட்டியலில் போடுங்கள். இடத்தைப் பொறுத்தவரை, ஒரே படம் ஐந்து ஃபோல்டரில் கிடந்தாலும் ரெஸ்டிக் ஒரு பிரதிதான் வைக்கும். கோரல் கோப்புகளில் அவ்வளவு மிச்சம் எதிர்பார்க்காதீர்கள், அவை உள்ளேயே சுருக்கி வைக்கப்பட்டவை.

எங்கள் நேரம் மதியம் 12.45, மாலை 6.30. வைத்திருக்கும் காலம்: 14 நாள், 8 வாரம், 24 மாதம். 12 மாதம் என்று வைக்கலாமே என்று தோன்றும். திதி பார்த்து வரும் திவசம் முன்னே பின்னே போகும், அதற்குப் பிறகும் சிலர் தாமதமாகத்தான் வருவார்கள்.

சரி, மீட்பு. அக்காவை அருகில் உட்கார வைத்து அவர் கையாலேயே செய்ய விடுங்கள். இடப்பக்கம் திட்டத்தின் பெயர், அதை அழுத்தினால் தேதி வாரியாகப் பேக்கப்புகள். ஒன்றைத் திறந்தால் ஃபோல்டர் மரம் விரியும். ஆண்டு, பில் இலக்கம், குடும்பப் பெயர் என்று ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்திருந்தால் இந்த இடத்தில் பலன் தெரியும். கோப்பின் பக்கத்தில் உள்ள மீட்கும் தெரிவை அழுத்தி, போக வேண்டிய இடமாக ‘மீட்டது’ ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதை கொன்டெய்னருக்குள் இருக்கும் பாதை, விண்டோஸில் தெரிவது அல்ல. அதை ஒரு சீட்டில் எழுதி அக்காவின் மொனிட்டரில் ஒட்டியிருக்கிறேன். “தம்பி, இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான். ஆனால் எடுத்து வைத்த பேக்கப்பையே நீக்கும் பொத்தானும் அதே திரையில்தான் இருக்கிறது.

அதனால்தான் இரண்டாவது பிரதி. 2023இல் இலங்கை அரச கிளவுட்டை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போயே போயின. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பேக்கப் இருக்கவில்லை. நாங்கள் முதலாளி வீட்டில் ஒரு சின்னக் கணினியில், ரெஸ்டிக் பேக்கப்புகளை வலையமைப்பு வழியாக வாங்கி வைக்கும் ரெஸ்ட்-சேர்வரை ‘சேர்க்க மட்டும்’ முறையில் ஓட விட்டிருக்கிறோம். அச்சகத்திலிருந்து புதிதாகப் போடலாம், பழையதை அழிக்க முடியாது. இதற்கு பேக்ரெஸ்ட்டில் தனிக் களஞ்சியம், தனித் திட்டம் வேண்டும். பழையதை அகற்றும் வேலையை அந்தத் திட்டத்தில் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டும். டிஸ்க் நிரம்பத் தொடங்கினால் அந்த வீட்டுக் கணினியிலேயே இருந்து செய்துகொள்ளலாம். முதல் பேக்கப்பை அச்சகத்திலேயே டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கைக் கையோடு கொண்டுபோய் மாட்டுங்கள். முழுவதையும் இணையத்தில் ஏற்றினால் மாத டேட்டா அதற்கே சரியாகிவிடும்.

கடைசியாக அறிவித்தல். களஞ்சிய அமைப்பில் ஹூக் என்று ஒரு பகுதி உண்டு, ஒன்று நடந்ததும் தானாக இன்னொன்றைச் செய்ய வைப்பது. பிழை வந்தால் ஷவுட்டர் என்ற செய்தி அனுப்பும் கருவி வழியாக டெலிகிராமுக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் சேர்வரே செத்துக் கிடந்தால் பிழைச் செய்தி அனுப்ப ஆளில்லை. அதற்கு ஹெல்த்செக்ஸ் என்ற இணையக் கண்காணிப்புச் சேவையின் ஹூக்கை வெற்றிகரமான பேக்கப்போடு இணையுங்கள். குறித்த நேரத்துக்குள் சத்தம் வராவிட்டால் அது உங்களை எழுப்பும். இடைவெளி 1 நாள், அதன் மேல் அவகாசம் 2 நாள் என்று வைத்திருக்கிறேன். ஞாயிறும் போயா (பௌர்ணமி) விடுமுறையும் அடுத்தடுத்து வந்தால் அச்சகம் பூட்டுத்தான், அன்றைக்கெல்லாம் ஃபோன் கத்தத் தேவையில்லை.