காட்டுத்தீக்குப் பின் நிவாரணம் கேட்கும் மாட்டுப் பண்ணைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியான பான்ஹேண்டில் பகுதியில் பற்றிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஹெம்ப்ஹில் போன்ற கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) மாடு, புல், வேலி மூன்றும் சேர்ந்தே போயின. அமெரிக்க வேளாண் துறை இந்த மூன்றுக்கும் தனித்தனித் திட்டம் வைத்திருக்கிறது. கவுண்டியின் பண்ணைச் சேவை முகமை அலுவலகத்தில்தான் எல்லாவற்றுக்கும் மனு கொடுக்க வேண்டும்.

பெரிய நஷ்டம் தரும் தவறு, செத்த மாடுகளை எண்ணாமல் புதைத்துவிடுவது. நாற்றமும் நோய்ப் பயமும் அவசரப்படுத்தும். ஆனாலும் முதலில் படம் எடுங்கள், படத்தில் தேதி தெரியட்டும். பசு, காளை, கன்று என்று வகை பிரித்து, கன்றின் எடையையும் குறியுங்கள், எல்.ஐ.பி. என்ற கால்நடை இழப்பீட்டுத் திட்டத்தில் வகைக்கும் எடைக்கும் தனித்தனி விலை, அதில் 75 சதவீதம் தருகிறார்கள். மாட்டு மருத்துவரின் குறிப்பு, சடலம் ஏற்றிச் சென்ற லாரி ரசீது, பண்ணையோடு தொடர்பில்லாத ஒருவரின் சாட்சிக் கடிதம் எல்லாம் உதவும்.

தீக்கு முன் எத்தனை மாடு இருந்தது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். வழக்கமாகச் சாகும் விகிதத்தைக் கழித்துவிட்டு, அதற்கு மேல் செத்தவற்றுக்கே பணம். அந்த விகிதம் 1.5 சதவீதம் என்று வைத்தால், 200 மாட்டில் 3 கழியும். தடுப்பூசிப் பதிவு, வங்கிக் கடன் தாள், வாங்கிய ரசீது மூன்றில் எது இருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள்.

வேலியில் நடப்பது நேர்மாறான தவறு: மனு போடும் முன்பே கம்பி கட்டிவிடுவார்கள். ஈ.சி.பி. என்ற அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் செலவில் 75 சதவீதம் வரை ஏற்கும். ஆனால் ஒப்புதலுக்கு முன் தொடங்கிய வேலைக்குக் கைவிரிக்க நேரலாம், ஏனென்றால் கம்பம் நடும் இடத்தை முதலில் சுற்றுச்சூழல் நோக்கில் பார்வையிட வேண்டும். மாடு சாலைக்கு ஓடுகிறது, பொறுக்க முடியாது என்றால், தற்காலிக வேலிக்குக்கூட முதலில் அலுவலகத்தைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

புல்லுக்குத் தவறான மனு போடுவோரும் உண்டு. எல்.எஃப்.பி. என்ற கால்நடைத் தீவன இழப்புத் திட்டம் முக்கியமாக வறட்சிக்கானது. தீக்கு அது மத்திய அரசு நிர்வகிக்கும் மேய்ச்சல் நிலத்தில் மட்டுமே பொருந்தும். சொந்த நிலத்தில் எரிந்த புல்லுக்கும், வாங்கி அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்கும் ஈலாப் என்ற கால்நடை அவசர உதவித் திட்டத்தில் கேட்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தின் ஏக்கர் கணக்கை முன்பே பதிவு செய்யாதவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள்.

காலக்கெடு ஒன்றல்ல. எல்.ஐ.பி., ஈலாப், எல்.எஃப்.பி. மூன்றுக்கும் இப்போதைய விதிப்படி, இழப்பு நேர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 1. என்.ஏ.பி. என்ற, வழக்கமான காப்பீடு கிடைக்காத பயிர்களுக்கான காப்புக்கோ இழப்பு தெரிந்த 15 நாளில் அறிவிப்பு போக வேண்டும். கையால் அறுவடை செய்யும் பயிருக்கு 72 மணி நேரம்தான். அதுவும் இந்தக் காப்பை இழப்புக்கு முன்பே வாங்கியிருந்தால் மட்டும்.

கூட்டுப் பண்ணை என்றால் வருமானச் சான்றுப் படிவம் ஒவ்வொரு பங்குதாரரிடமிருந்தும் வர வேண்டும். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனால் அவர் பங்கு நின்றுவிடும். அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும், என்ன கேட்டீர்கள், என்ன பதில் தந்தார்கள் என்பதற்குச் சேவை ரசீது கேட்டு வாங்கி, தேதிவாரியாகக் கோப்பில் சேருங்கள்.