டர்பனில் இருந்து ஒரு திறந்த ப்ராசசர்: எஃப்பிஜிஏ போர்டில் தொடங்கி சிலிக்கன் வரை

ப்ராசசர் செய்ய ஆசைப்பட்டவர் முன்பெல்லாம் முதலில் வக்கீலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. எக்ஸ்86 கட்டளைத் தொகுப்பு (ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளின் பட்டியல்) இன்டெல், ஏஎம்டி கையில். ஆர்ம் வேண்டுமென்றால் முன்பணமாக உரிமக் கட்டணம், அதற்கு மேல் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அசானோவிச், பேட்டர்சன், வாட்டர்மேன், லீ ஆகியோர் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பு அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டது. விவரக்குறிப்பை எடுத்துப் படித்து, யாரையும் கேட்காமல் ப்ராசசர் கட்டலாம். சென்னை ஐஐடியின் 'சக்தி' ப்ராசசர் இந்த வழியில்தான் 2018இல் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் சிப்பாக வந்தது. ராஸ்பெரி பையின் ஆர்பி2350 சிப்புக்குள் இருக்கும் ஹசார்ட்3 என்ற ரிஸ்க்-ஃபைவ் கோரின் (கட்டளைகளை இயக்கும் மையப் பகுதியின்) மூல வடிவமைப்பையும் இன்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

அனுமதிதான் இலவசமாகியிருக்கிறது. சோதிக்கும் வேலையும், நிரலைக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும், ஆலைச் செலவும் அப்படியே நிற்கின்றன. அதனால் இனி இந்தத் துறையில் மதிப்பு கூடப்போவது கோரைச் சரிபார்க்கத் தெரிந்தவருக்கும், அதில் தன் தேவைக்கு ஒரு கட்டளையைச் சேர்க்கத் தெரிந்தவருக்கும். இரண்டையும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலோ ஒரு மேசையில் கற்றுக்கொள்ள முடியும். தென்னாப்பிரிக்காவுக்கு இந்த வித்தை புதிதும் அல்ல: கரூ வறண்ட சமவெளியில் 64 தட்டுகளோடு தொடங்கிய மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் சிக்னல்களைச் சேர்த்துக் கணக்கிட வைத்தவை எஃப்பிஜிஏ போர்டுகள்தான் (எஃப்பிஜிஏ என்பது உள்சுற்றை நாமே எத்தனை முறையும் மாற்றி எழுதக்கூடிய சிப்). அதற்கு முன்பே பெர்க்லியோடு சேர்ந்து இங்கே உருவான ரோச் போர்டு திறந்த வன்பொருளாக வெளிவந்தது.

வாங்க வேண்டியவை

கோயில் மண்டபத்திலோ ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்த அறையிலோ ஆறு பேர் உட்காருவதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கு ஒரு போர்டு போதும். உதிரியாக ஒன்று சேர்த்து நான்கு. சிபீட் நிறுவனத்தின் டாங் நானோ 9கே நல்ல தேர்வு. 8,640 லட் (சிறு தர்க்கச் சுற்று), 6,480 ஃப்ளிப்-ஃப்ளாப் (ஒரு பிட்டை நினைவில் வைப்பது), தலா 18 கிலோபிட் கொண்ட 26 ரேம் பிளாக், 27 மெகாஹெர்ட்ஸ் கிளாக் (சுற்றின் தாளத் துடிப்பு), ஆறு எல்இடி. நிரல் ஏற்றும் சிப்பும் சீரியல் இணைப்பும் போர்டிலேயே இருப்பதால் தனி ப்ரோக்ராமர் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட், அதோடு கூரியர்காரரின் சுங்கக் கையாளும் கட்டணம். இந்தக் கட்டணம் பெரும்பாலும் பார்சலுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள், ஆகவே தனித்தனியாக வாங்காமல் நாலையும் ஒரே பார்சலில் வரவழையுங்கள். யூஎஸ்பி-சி கேபிள் டேட்டா போகும் கேபிளாக இருக்கட்டும். போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டருக்கோ போர்டு தெரியவில்லை என்றால் பத்தில் ஒன்பது முறை அது சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்.

கருவிகள்

யோசிஸ்எச்க்யூ வெளியிடும் ஓஎஸ்எஸ் கேட் சூட் என்ற ஒரே தொகுப்பு போதும். சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழியைக் கேட்டுகளாக மாற்றும் யோசிஸ், அவற்றைச் சிப்பில் இடம் பார்த்து வைக்கும் நெக்ஸ்ட்பிஎன்ஆர், இந்தப் போர்டில் உள்ளது போன்ற கோவின் சிப்புகளுக்கான அபிகுலா, போர்டில் ஏற்றும் ஓபன்எஃப்பிஜிஏலோடர், சிமுலேஷனுக்கு ஐகாரஸ், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ் எல்லாம் அதில் உண்டு. பல நூறு மெகாபைட் கோப்பு. மின்வெட்டில் வைஃபை போனால் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். முந்தின நாளே இறக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவாருங்கள். ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி கம்பைலர் இதில் கிடையாது. உபுண்டுவில் ரிஸ்க்வி64-அன்னோன்-எல்ஃப் என்ற பெயரில் வரும் ஜிசிசி பொதியை நிறுவினால் அதுவே 32 பிட்டுக்கும் கம்பைல் செய்யும். விண்டோஸில் போர்டின் முதல் யூஎஸ்பி இடைமுகத்துக்கு மட்டும் ஸடிக் கருவியால் வின்யூஎஸ்பி டிரைவரை மாற்றுங்கள். இரண்டாவது இடைமுகம் சீரியல் போர்ட். அதைத் தொட்டால் பிறகு யூஏஆர்டி என்ற சீரியல் தொடர்பு வராது.

முதலில் ஒரு எல்இடி

25 பிட் கவுன்டர் ஒன்றை எழுதி, அதன் உச்ச பிட்டை எல்இடிக்குக் கொடுங்கள். கிளாக் பின் 52இல் வருகிறது. எல்இடிகள் 10, 11, 13, 14, 15, 16 ஆகிய பின்களில். உச்ச பிட் சுமார் 0.62 நொடிக்கு ஒருமுறை மாறும். அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ சிமிட்டினால் கிளாக் பின்னைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள், அல்லது கவுன்டரின் அகலம் தவறு. இந்த எல்இடிகள் பூஜ்ஜியத்தில் எரியும், ஒன்றில் அணையும். அவை 1.8 வோல்ட் பேங்கில் (ஒரே மின்னழுத்தத்தில் இயங்கும் பின்களின் தொகுதியில்) உள்ளவை. அதே பேங்கின் பின்களில் 3.3 வோல்ட் சென்சரை நேரடியாக இணைக்காதீர்கள்.

சாதாரணமாக ஏற்றினால் வடிவமைப்பு எஸ்ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் போய் உட்காரும், கரன்ட் போனால் அழிந்துவிடும். கற்றுக்கொள்ளும்போது இதுவே நல்லது. நிலையாக இருக்க வேண்டுமென்றால் ஃப்ளாஷுக்கு எழுதும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

கோரும் நினைவகமும்

போர்டில் ஏற்றப்போகும் ரிஸ்க்-ஃபைவ் கோர் பிகோஆர்வி32. அது ஒரே வெரிலாக் கோப்பு. எழுதியவர் யோசிஸை உருவாக்கிய கிளேர் வுல்ஃப், ஐஎஸ்சி உரிமம். சராசரியாக ஒரு கட்டளைக்கு நான்கு கிளாக் எடுத்துக்கொள்ளும். வேகமான கோர் அல்ல. ஆனால் படித்துப் புரிந்துகொள்ளவும் பிழை தேடவும் இதுபோல் இன்னொன்று அமைவது கடினம்.

அதற்கு 8 கிலோபைட் நினைவகம் கொடுப்போம். அதாவது 65,536 பிட். பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். முகவரி வந்தவுடன் அதே கிளாக்கிலேயே தரவு வெளியே வரும்படி எழுதினால் யோசிஸால் அதை ரேம் பிளாக்கில் வைக்க முடியாது, ஏனென்றால் ரேம் பிளாக் கிளாக் விளிம்பில்தான் (துடிப்பு மாறும் கணத்தில்தான்) படிக்கும். வேறு வழியின்றி லட்களையும் ஃப்ளிப்-ஃப்ளாப்களையும் கொண்டு நினைவகம் கட்டப் பார்க்கும். சிப்பில் இருப்பது 6,480 ஃப்ளிப்-ஃப்ளாப். நீங்கள் கேட்பதோ 65,536 பிட். இடம் போதவில்லை என்று நெக்ஸ்ட்பிஎன்ஆர் நின்றுவிடும். படிப்பதையும் கிளாக் விளிம்புக்குள் எழுதுங்கள். கோர் பைட் பைட்டாக எழுத நான்கு அனுமதி பிட்கள் தரும். ஆகவே 2,048 இடம், 8 பிட் அகலம் என்று நான்கு தனி நினைவகங்களாகப் பிரியுங்கள். நான்கும் ஆளுக்கொரு ரேம் பிளாக்கில் கச்சிதமாக உட்காரும்.

அடுத்த சிக்கல் உடனே வரும். தரவு ஒரு கிளாக் தாமதமாக வருகிறது, நீங்களோ 'தயார்' சிக்னலை முகவரி வந்த அதே கிளாக்கில் உயர்த்துகிறீர்கள். கோர் முந்தைய வார்த்தையை (32 பிட் தரவை) கட்டளை என்று எண்ணி எடுத்துக்கொள்ளும்; சில படிகளில் அர்த்தமில்லாத கட்டளையில் மாட்டி, 'இனி தொடர முடியாது' என்று காட்டும் ட்ராப் சிக்னலை உயர்த்தி நின்றுவிடும். 'தயார்' சிக்னலை ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் வழியாகத் தாமதப்படுத்துங்கள். அது ஏற்கெனவே உயர்ந்திருந்தால் அடுத்த கிளாக்கில் தாழ்த்தவும் மறக்காதீர்கள். ட்ராப் சிக்னலை ஒரு எல்இடிக்குக் கட்டிவிடுங்கள். பாதிப் பிழை தேடல் அந்த ஒரு விளக்கிலேயே முடிந்துவிடும்.

ரீசெட் பூஜ்ஜியத்தில் செயல்படும். கரன்ட் வந்ததும் ஒரு சிறு கவுன்டரால் 64 கிளாக் வரை அதைத் தாழ்த்தி வைத்து, பிறகு விடுங்கள். யூஏஆர்டிக்கு 115,200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகம் என்றால் 27,000,000ஐ அதனால் வகுத்தால் 234.375, 234 என்று வைத்தால் பிழை 0.16 சதவீதம்தான், கவலை வேண்டாம். அனுப்பும் பின் 17, பெறும் பின் 18.

மென்பொருள் பக்கம்

கம்பைலருக்குக் கட்டளைத் தொகுப்பு ஆர்வி32ஐ (32 பிட் அடிப்படைத் தொகுப்பு) என்றும், ஏபிஐ (செயல்கள் தரவைப் பரிமாறும் மரபு) ஐஎல்பி32 என்றும் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். பெருக்கலும் சுருக்கக் கட்டளைகளும் உள்ள ஆர்வி32ஐஎம்சி என்று கம்பைல் செய்துவிட்டு, கோரில் அவற்றை இயக்காமல் விட்டால் உடனே ட்ராப். அடிப்படைத் தொகுப்பில் பெருக்கல் கிடையாது. சி நிரலில் நட்சத்திரக் குறி போட்டால் கம்பைலர் அதற்கான துணை நிரலைத் தேடும், எனவே அது உள்ள லிப்ஜிசிசி தொகுப்பை இணைக்க வேண்டும்.

தொடக்க நிரல் ஒன்றை அசெம்பிளியில் நீங்களே எழுத வேண்டும்: ஸ்டேக் பாயின்டரை (தற்காலிகத் தரவு அடுக்கின் உச்சியைக் காட்டும் முகவரியை) நினைவகத்தின் உச்சியில், 8,192 என்ற முகவரியில் வையுங்கள், தொடக்க மதிப்பில்லாத மாறிகளின் பகுதியைப் பூஜ்ஜியமாக்குங்கள், பிறகு மெயினுக்குத் தாவுங்கள். சிமுலேஷனில் நன்றாக ஓடி போர்டில் ஓடாத நிரலுக்கு இரண்டாவது படியை விட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கம்பைல் செய்த நிரலை ஆப்ஜ்காப்பி கருவியால் பைனரி கோப்பாக எடுங்கள். உங்கள் நினைவகமோ 32 பிட் வார்த்தைகள் உள்ள ஹெக்ஸ் கோப்பைக் கேட்கும். பிகோஆர்வி32 தொகுப்போடு வரும் சிறு பைதான் நிரல் பைனரியை அப்படி மாற்றித் தரும். அந்த நாலு ரேம் பிளாக்குக்கும் ஒவ்வொரு வார்த்தையிலும் உள்ள பைட்டுகளைப் பிரித்து நாலு கோப்பாக எழுத இன்னும் ஐந்தாறு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தமாக ஒரு கட்டளை

ஆர்ம் உலகில் இதை நினைத்தபடி செய்துவிட முடியாது. ரிஸ்க்-ஃபைவிலோ புதுக் கட்டளைகளுக்கென்றே எண்வெளியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு வார்த்தையில் எத்தனை பிட் ஒன்றாக இருக்கிறது என்று எண்ணும் கட்டளையைச் சேர்ப்போம். உச்ச பிட் ஒன்றாக உள்ள எண்ணுக்குச் சாதாரண லூப்பில் இந்தக் கோர் 500 கிளாக்கைத் தாண்டும். சொந்தக் கட்டளையில் கைவிரல் எண்ணிக்கையில் முடிந்துவிடும்.

கோரோடு துணைச் சுற்றை இணைக்கும் பிசிபிஐ இடைமுகத்தை இயக்குங்கள். தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் கோர் அதையும் இரண்டு ரெஜிஸ்டர்களின் (கோருக்குள் உள்ள 32 பிட் சேமிப்பிடங்களின்) மதிப்புகளையும் இந்த இடைமுகத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்கும். உங்கள் சுற்று கட்டளை எண்ணைச் சரிபார்த்து, விடையையும் 'எழுது', 'தயார்' சிக்னல்களையும் கொடுக்க வேண்டும். 16 கிளாக்குக்குள் பதிலும் இல்லை, 'பொறு' சிக்னலும் இல்லை என்றால் தவறான கட்டளை என்று ட்ராப் ஆகிவிடும். ஒதுக்கப்பட்ட இடங்களில் கஸ்டம்-0 எடுக்காதீர்கள்: பிகோஆர்வி32 தன் இன்டரப்ட் கட்டளைகளை அங்கேதான் வைத்திருக்கிறது. கஸ்டம்-1, அதாவது கடைசி ஏழு பிட் 0101011 உள்ள இடம் பாதுகாப்பானது. மற்றவர் கட்டளை வரும்போது உங்கள் சுற்று வாய் திறக்கக் கூடாது. கடைசி ஏழு பிட்டோடு நடுவில் உள்ள மூன்று பிட் செயல் எண்ணையும் ஒப்பிடுங்கள். சி நிரலில் இதை அழைக்க அசெம்ப்ளரின் 'இன்சன்' வழிகாட்டுதல் போதும், கம்பைலரை மாற்ற வேண்டாம்.

பிறகு சோதனை. விடை சரி என்று சொல்ல நாலு எண்ணைக் கொடுத்துப் பார்ப்பது போதாது. பூஜ்ஜியம், எல்லாப் பிட்டும் ஒன்று, ஒவ்வொரு பிட்டும் தனியாக ஒன்று, அதோடு சில ஆயிரம் தற்செயல் எண்கள் என்று சி லூப்பின் விடையோடு சிமுலேஷனில் ஒப்பிடுங்கள். விடை போய்ச் சேரும் ரெஜிஸ்டரின் எண் பூஜ்ஜியமாக இருக்கும் நிலையையும் பாருங்கள்; அந்த ரெஜிஸ்டர் எப்போதும் பூஜ்ஜியமாகவே இருக்க வேண்டும். கோர் முழுவதுக்கும் ரிஸ்க்வி-டெஸ்ட்ஸ் தொகுப்பை ஓட்டுங்கள். துணிவுள்ளவர்கள் கோரைக் கணித முறையில் சரிபார்க்கும் ரிஸ்க்வி-ஃபார்மல் பக்கம் போகலாம். சிப் நிறுவனங்களில் பெரும் ஆள்பலம் இந்த வேலையில்தான் செலவாகிறது. வேலை தேடும் இளைஞர்கள் இந்தப் பகுதிக்கே கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. தைப்பூசக் காவடி வாரங்களில் மட்டும் வகுப்பு வைக்காதீர்கள், யாரும் வரமாட்டார்கள்.

சிலிக்கனுக்குப் போக

2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் ஆலைக்குரிய வடிவமைப்புக் கோப்புகளைத் திறந்துவிட்டன. பலருடைய வடிவமைப்புகளை ஒரே சிப்பில் சேர்த்து அச்சிடும் டைனி டேப்அவுட் அதன் மேல் வளர்ந்தது. இடைத்தரகராக இருந்த இஃபாப்லெஸ் 2025 மார்ச்சில் மூடப்பட்டபோது வழியில் இருந்த சிப்புகள் சிக்கிக்கொண்டன. திட்டம் அதன் பிறகும் ஜெர்மனியின் ஐஎச்பி ஆலை வழியாகவும் தொடர்கிறது. வடிவமைப்பு திறந்திருந்தாலும் ஆலை ஒருவர் கையில்தான் என்பதை மனதில் வைத்து, உங்கள் வெரிலாக்கை எந்த ஆலைக்கும் கட்டுப்படாமல் எழுதுங்கள்.

இடத்தைக் கணக்குப் போட்ட பிறகே டைல் (அந்தக் கூட்டுச் சிப்பில் உங்களுக்கான துண்டு இடம்) வாங்குங்கள். ஸ்கைவாட்டரில் ஒரு டைல் ஏறத்தாழ 160க்கு 100 மைக்ரான், அதாவது 16,000 சதுர மைக்ரான். அதில் சிறிய ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்று சுமார் 20 சதுர மைக்ரான். பூஜ்ஜிய ரெஜிஸ்டர் போக மற்ற 31 ரெஜிஸ்டருக்கு, தலா 32 பிட் வீதம், 992 ஃப்ளிப்-ஃப்ளாப்: 19,840 சதுர மைக்ரான். ரெஜிஸ்டர்கள் மட்டுமே டைலை மீறிவிட்டன, கம்பி ஓட இடமே இல்லை. எஃப்பிஜிஏவில் நினைவக இடம் சிப்பிலேயே தயாராக இருந்ததால் தெரியாமல் இருந்த செலவு இது. ஆகவே 16 ரெஜிஸ்டர் மட்டும் உள்ள ஆர்வி32இ வகைக்கு மாறி, ஒன்றுக்கு மேற்பட்ட டைல் எடுத்து, நிரலையும் தரவையும் வெளியே உள்ள ஃப்ளாஷிலும் பிஎஸ்ரேம் நினைவகத்திலும் வையுங்கள். டைனிக்யூவி என்ற கோர் இப்படித்தான், ஒரு கிளாக்கில் 4 பிட் வீதம் கணக்கிட்டு, இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஐஎச்பியில் டைல் அளவும் செல் அளவும் வேறு. அங்குள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

டைமிங் அறிக்கையில் செட்அப் மீறல் (கிளாக் விளிம்புக்கு முன் தரவு வந்து சேராதது) வந்தால் கிளாக்கைக் குறைத்துத் தப்பிக்கலாம். ஹோல்ட் மீறலுக்கு (விளிம்புக்குப் பின் தரவு மிக விரைவில் மாறிவிடுவதற்கு) அந்த வழி இல்லை. கிளாக் எவ்வளவு மெதுவாக ஓடினாலும் சிப் தவறாகவே வேலை செய்யும். அது பூஜ்ஜியமாகும் வரை அனுப்பாதீர்கள். வெரிலாக்கில் ரெஜிஸ்டருக்குத் தொடக்க மதிப்பு கொடுத்திருந்தால் எஃப்பிஜிஏ அதை மதிக்கும், சிலிக்கன் மதிக்காது. எல்லாவற்றையும் ரீசெட் வழியாகவே பூஜ்ஜியமாக்குங்கள். கேட் நிலை சிமுலேஷனில் இது எக்ஸ் என்ற அறியா மதிப்பாகத் தலைகாட்டும், அதை ஓட்டாமல் அனுப்ப வேண்டாம்.

வெளியிடும்போது உரிமக் கோப்பைச் சரிபாருங்கள். ரிஸ்க்-ஃபைவ் என்ற பெயர் இருப்பதாலேயே கோர் திறந்தது ஆகிவிடாது. மூடிய கோர்களும் ஏராளம். பிகோஆர்வி32க்கு ஐஎஸ்சி, லோரிஸ்க் அமைப்பின் ஐபெக்ஸ் கோருக்கு அப்பாச்சி 2.0, சக்திக்கு பிஎஸ்டி. மூன்றுமே விற்பனைக்கு அனுமதிக்கின்றன. மூல உரிமைக் குறிப்பை நீக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை.